நொடிக்குப் பன்னிரண்டு

குண்டு மாம்பழம் வந்த அட்டைப்பெட்டிகளைக் கிழித்து
சேர்வராயன் மலை செய்தோம்.
இருபது கொண்டை ஊசிக்கும் இடமில்லை,
அஸ்தம்பட்டி மாடியறை பத்துக்குப் பத்து.
பதினாறாவது வளைவு மட்டும் போதும் என்றான் ஜெரோம்.
ஒருத்தி நின்று காத்திருக்க
ஒரு வளைவுக்கு மேல் எதற்கு?

வெள்ளிப்பட்டறையில் கழித்துப் போட்ட கம்பி, எலும்பு.
அதன்மேல் களிமண்.
என் பழைய துப்பட்டாவில் சாண் நீளச் சேலை.
செலின் என்று பெயர் வைத்தேன்.
ஆண் பொம்மைக்கு வைக்கவில்லை.
'திரும்பி வரட்டும், வைக்கலாம்' என்றான்.

நொடிக்குப் பன்னிரண்டு படம் எடுக்க வேண்டும்.
ஒரு தலைதிருப்பலுக்கு ஒரு மாலை.
முத்தத்துக்கு
சனிக்கிழமை இரவிலிருந்து
திங்கள் பால்காரர் மணி வரை.
அவன் தோளை ஜெரோம் நகர்த்துவான்,
அவள் கழுத்தை நான்.
கையை எடு, சொடுக்கு. கையை எடு, சொடுக்கு.
பார்ப்பவர்களுக்கு அது இரண்டரை நொடி.

கதை சின்னதுதான்.
காப்பிக்கொட்டை லாரியில் ஏறி அவன் கீழே போகிறான்.
மூடுபனி வருகிறது, தலையணைப் பஞ்சு.
பனி விலகும்போது
அவன் நடந்து வருகிறான்.

மார்ச்சில் ஜெரோம் பெங்களூர் போனான்,
மூன்று நாள் வேலை என்று.
முக்காலியை விட்டுப் போனான்,
அதனால் நம்பினேன்.
ஏப்ரலில் அவன் தங்கை வந்து முக்காலியை வாங்கிப் போனாள்.
தண்ணீர் குடித்தாள். அட்டை மலையைப் பார்த்து
'அப்படியே எங்க ஊரு' என்றாள்.
வேறெதுவும் அவள் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

சேலத்து ஏப்ரல். மின்வெட்டு.
செலினின் இடது கன்னம் இளகி இறங்கியது.
கதையில் எழுதாத வயது.
அப்படியே விட்டேன்.

மீதமிருந்தது திரும்பி வரும் காட்சி மட்டும்.
அவனை வளைவின் முனையில் நிறுத்தி
முழங்காலை மடக்கினேன்,
முன்னே ஒரு நெல்மணி தூரம்.
அப்போதுதான் உறைத்தது.
முந்நூற்று எண்பத்து நான்கு தடவை
நான் காலைப் பிடித்து வைத்தால்தான்
இவன் வருவான்.
ஒரு தடவை விட்டால்
அங்கேயே நிற்பான், ஒற்றைக்கால் தூக்கி,
எந்த அவசரமும் இல்லாமல்.

எடுத்து பிஸ்கட் டின்னில் போட்டு மூடினேன்.

பிறகு செலினை மட்டும் எடுத்தேன்,
புத்தகங்களை அடுக்கி, கேமராவை அதன்மேல் வைத்து.
அவளைத் தொடவே இல்லை.
சொடுக்கு. சொடுக்கு.
முந்நூற்று எண்பத்து நான்கு.

ஓட்டிப் பார்த்தேன்.
அவள் அசையவில்லை.
ஜன்னல் வெயில் அவள்மேல் ஏறி இறங்கியது.
மின்விசிறிக் காற்றில் பஞ்சு மூச்சு வாங்கியது.
இருபதாவது நொடியில்
எடுக்கும்போது என் கண்ணில் படாத ஓர் எறும்பு
வளைவில் நுழைந்து
தார்ச்சாலையைக் குறுக்கே கடந்து
அவள் பாதம் வரை வந்து
முகர்ந்து
வந்த வழியே போனது.

ஏழு நிமிடப் படத்தில்
யாரும் நகர்த்தாமல் வந்தது
அது ஒன்றுதான்.

ஆகஸ்டில் ஏற்காட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் திரையிட்டார்கள்.
தகரக்கூரையில் மழை, பாதி வசனம் கேட்கவில்லை.
விளக்கு போட்டதும் முன்வரிசைப் பையன் எழுந்தான்.
அவன் ஏன் வரலைன்னு கேட்பான் என்று
ஒரு பதில் வைத்திருந்தேன்.
'அந்த எறும்பை எப்படிக்கா செஞ்சீங்க?'

மாம்பழப் பெட்டிடா, என்றேன்.
காய்ந்துபோனாலும்
கொஞ்சம் இனிப்பு ஒட்டியிருக்கும்.

கடைசிப் பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தது.
இருபது, பத்தொன்பது என்று
பலகைகளைப் படித்துக்கொண்டே இறங்கினேன்.
பதினேழுக்குப் பிறகு பனி.
ஓட்டுநர் ஹாரனை அழுத்தியபடியே திருப்பினார்,
பக்கத்து இருக்கைப் பெண் முருகா என்றாள்.
பனி விலகி
அடுத்துக் கண்ணில் பட்ட பலகை
பதினைந்து.